காஞ்சிக்கு முன் ஒரு பகல்

பல்லவரின் தலைநகர் காஞ்சி, துறைமுகம் மாமல்லை. காஞ்சிக்கு இரயிலேறுமுன் ஒரு பகல் மாமல்லையில் தங்க வாய்த்தால் எதனை எதன்பின் காண்பது? வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, இந்த வரிசையில் காட்டுமாறு கேளுங்கள்.

காலையில் குன்றின்மேலுள்ள மகிடாசுரமர்த்தினி குகை. பாறையின் உட்புறத்தைக் குடைந்த குடைவரை இது. ஒரு சுவரில் துர்க்கையின் போர். எதிர்ச்சுவரில் திருமாலின் அறிதுயில்.

அடுத்து, தெற்கே ஐந்து இரதங்கள். இங்கே சிற்பி பாறையின் புறத்தையும் செதுக்கி முழுக் கோயில் வடிவத்தையே வெளிக்கொணர்ந்தான். மேலிருந்து கீழாகச் செதுக்கினான் என்பதற்கு முற்றுப்பெறாத அடிப்பகுதிகளே சான்று. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை. இம்முறையில் ஓர் இடர் உண்டு: பாறை இருக்குமிடத்தில்தான் கோயில் அமையும், பிழை நேர்ந்தால் மாற்றுக் கல் வைக்க இயலாது.

மாலையில் கடற்கரைக் கோயில். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்மன் காலத்தில், கற்களை வெட்டி அடுக்கிக் கட்டியது. அவ்விடர் இங்கே இல்லை. இம்முறையில் கோயிலை விரும்பிய இடத்தில் எழுப்பலாம்.

மாமல்லையில் இரயில் நிலையம் இல்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டுக்குப் பேருந்தில் சென்று, அரக்கோணம் வண்டியில் ஏறினால் காஞ்சியை அடையலாம். அங்கே, பாறைக்குன்று இல்லாத சமவெளியில், அதே இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயில் நிற்கிறது. அதனைக் கண்டதும், அந்தக் கல் எவ்வழி நடந்து அங்கு வந்தது என்பது உங்களுக்கு விளங்கும். மாமல்லையைக் காணாது சென்றவர்க்கு அது மற்றுமொரு கோயில் மட்டுமே.