வன்தட்டை வடிவமைத்தலும் எஞ்சி நிற்கும் தரவும்

கணினி தளர்ந்து இயங்கும்போதும், நச்சுநிரல் புகுந்து அதனைக் கெடுத்தபோதும் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவுதல் வழக்கம். விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால் இவ்வேலைக்கு மேலும் ஒரு காரணம் தோன்றிற்று. நிறுவுதற்கு முன் வன்தட்டு வடிவமைக்கப்படும். பேச்சுவழக்கில் ‘போமற் பண்ணுதல்’ எனப்படுவது இதுவே. இதனால் தட்டிலுள்ள யாவும் அழிந்துவிடும் என்பது பலரது கருத்து. அக்கருத்து முழுவதும் உண்மையன்று. அதனை நம்பியோர், மீட்கக்கூடியதை மீளாது என்று கைவிடுகின்றனர். மறைந்துவிட்டது என்று எண்ணியதைப் பிறர் கையிற் கொடுத்தும் விடுகின்றனர்.

வன்தட்டின் அமைப்பை அறிந்தால் இதன் காரணம் புலனாகும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டில் 24 அங்குல விட்டமுடைய 50 தகடுகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கின. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்குமாயினும் தத்துவம் ஒன்றே. காந்தப் பூச்சுடைய தகட்டில் வட்டப் பாதைகளும், ஒவ்வொரு பாதையிலும் 512 அல்லது 4096 பைற்று கொள்ளும் சிறு கூறுகளும் உள்ளன. ஒரு கோப்பு பல கூறுகளிற் சிதறிக் கிடத்தல் கூடும். எந்தக் கோப்பு எவ்வெக் கூறுகளில் உள்ளது என்பதைத் தட்டிலேயே அமைந்த ஓர் அட்டவணை குறித்து வைத்திருக்கும்.

வடிவமைத்தல் விரைவானது, முழுமையானது என இருவகைப்படும். முறைமையை நிறுவும்போது பொதுவாக நிகழ்வது விரைவு வடிவமைப்பே. அது பழைய அட்டவணைக்குப் பதிலாக வெறுமையான புதிய அட்டவணையை அமைக்கும். கூறுகளில் எழுதப்பட்டவற்றைத் தொடாது. வகுப்பு இடாப்பிலிருந்து பெயரை நீக்கினும் மாணவன் தன் வாங்கிலேயே அமர்ந்திருத்தல் போன்றது இது. அவ்விடத்துக்கு வேறொருவன் வந்தாலன்றி அவன் எழுவதில்லை. முழு வடிவமைப்போ விண்டோஸ் எக்ஸ்பி வரையில் பழுதுற்ற கூறுகளைத் தேடியதன்றி எதனையும் அழித்ததில்லை. விஸ்டா முதலாகவே அது ஒவ்வொரு கூறிலும் பூச்சியத்தை எழுதி வருகின்றது.

ஆதலின் தவறுதலாக வடிவமைத்தவர் முதலிற் செய்யவேண்டியது ஒன்றும் செய்யாதிருத்தலே. அத்தட்டில் எதனையும் எழுதாது நிறுத்தி, அதனை வேறொரு கணினியில் இணைத்து மீட்பு மென்பொருளால் ஆராயின் பெரும்பகுதி கிடைத்தல் கூடும். வடிவமைத்ததோடு நில்லாது முறைமையையும் நிறுவினால், அதன் கோப்புகள் பல கிகாபைற்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றின்கீழ் அகப்பட்டவை மீளா.

மறுபுறத்து இடரை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்பின்கல், அபி ஷெலட் ஆகிய இருவரும் பிறர் பயன்படுத்தி விற்ற 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிபுகளை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மாத்திரமே. ஏனையவற்றுள் வடிவமைக்கப்பட்டும் பழைய தரவு நீங்காதவை பல. கடனட்டை இலக்கங்கள் 5000இற்கு மேல் அகப்பட்டன. விற்றவர்கள் கவனமற்றவர்கள் என்பதைவிட, ‘போமற்’ என்ற சொல்லை நம்பியவர்கள் என்பதே பொருந்தும்.

எனினும் இவ்விதி எல்லாச் சேமிப்பகத்துக்கும் பொருந்தாது. புதிய மடிக்கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. சுழலும் தகடின்றி மின்னணுச் சில்லுகளால் ஆனது. அதனை வடிவமைக்கும்போது, இவ்விடங்கள் இனி வேண்டப்படா என்ற செய்தியைப் பணிசெயல் முறைமை சேமிப்பகத்துக்கு அனுப்பும்; ‘ட்ரிம்’ என்பது அக்கட்டளையின் பெயர். அதன்பின் சேமிப்பகம் தானாகவே அவ்விடங்களைத் துடைக்கத் தொடங்கும். ஆகவே பழைய தட்டில் இருந்த மீட்பு நம்பிக்கை இங்கு பெரும்பாலும் இல்லை. தரவு மறையீடு செய்யப்பட்டிருப்பின் திறவுகோலும் வடிவமைத்தலோடு அழிதல் கூடும். அவ்வாறு அழியின் எஞ்சியிருப்பது எவராலும் வாசிக்கவியலாத குறிகளே.

இவற்றால் பெறப்படும் நடைமுறை எளிது. நிறுவுதற்கு முன் வேண்டியவற்றை வேறொரு சேமிப்பகத்திற் பிரதிசெய்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்தல் வேண்டும். தட்டு சி, டி எனப் பிரிக்கப்பட்டிருப்பின் முறைமை உள்ள பகுதியை மாத்திரம் வடிவமைத்தல் போதும். ஆயின் திரைமுகப்பிலும் ஆவணக் கோவையிலும் வைத்தவை பொதுவாகச் சி பகுதியிலேயே உள்ளன என்பதை மறத்தலாகாது. கணினியை விற்பதற்கோ அன்பளிப்பாகக் கொடுப்பதற்கோ முன், வன்தட்டாயின் முழுவதும் மேலெழுதுதலும், எஸ்.எஸ்.டி. ஆயின் அதனை ஆக்கியோர் தரும் அழிப்புக் கட்டளையை இயக்குதலும் வேண்டும்.

மாணவரின் ஒப்படையும், ஆசிரியரின் வினாத்தாளும், குடும்பத்தின் நிழற்படங்களும் இன்று ஒரே தட்டில் உறைகின்றன. அவற்றைக் காப்பதும் மறைப்பதும் வடிவமைத்தல் என்னும் ஒரு செயலால் நிறைவேறுவன அல்ல; இரண்டுக்கும் தனித்தனி முயற்சி வேண்டும்.