பிரிண்டர் தீப்பிடித்ததாக யூனிக்ஸ் அலறும், தெரியுமா?

யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் அச்சு சேவை படுத்துவிட்டதா? ரீஸ்டார்ட் கொடுத்தும் எழவில்லையா? பாவம், பிரிண்டரைத் தட்டாதீர்கள்! குற்றவாளி வேறு எங்கோ ஒளிந்திருக்கலாம்!

ஒரே ஒரு குட்டி ஃபைல் மொத்த அச்சு வேலையையும் முடக்கிவிடும், தெரியுமா? பழைய சோலாரிஸ் போன்ற சிஸ்டம் ஃபைவ் வழிவந்த யூனிக்ஸ்களில் அச்சு வேலைகளை மேய்ப்பது 'எல்பி ஷெட்' என்ற புரோகிராம். எழுந்ததும் 'ஷெட்லாக்' என்று ஒரு ஃபைலை வைக்கும். முறையாக நிறுத்தினால் எடுத்துவிடும். திடீரென்று கரண்ட் போனால்? ஃபைல் அப்படியே கிடக்கும்! அடுத்து வரும் எல்பி ஷெட் அதைப் பார்த்து, 'ஏற்கெனவே ஒருவர் வேலையில் இருக்கிறார்' என்று திரும்பிப் போய்விடும். பஸ் சீட்டில் துண்டு போட்டவர் இறங்கிப் போன பிறகும், மற்றவர்கள் நின்றுகொண்டே வருகிற கதை! பழைய எல்பி ஷெட் உண்மையிலேயே ஓடவில்லை என்று 'பிஎஸ்' கட்டளையில் உறுதிசெய்து, ஃபைலை அழித்தால் சேவை எழுந்துவிடும்!

இன்றைய லினக்ஸிலும் மேக்கிலும் அச்சைக் கவனிப்பது 'கப்ஸ்'. 1990-களின் இறுதியில் மைக்கேல் ஸ்வீட் உருவாக்கியது. இதன் வாசல் 631-ஆம் போர்ட். பழைய புரோகிராம் சாகாமல் அந்த வாசலை மறித்து நின்றால், புதியது உள்ளே வரவே முடியாது! கான்ஃபிகரேஷனில் ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் சிக்கல்தான். 'எரர் லாக்' ஃபைலைத் திறந்தால் குட்டு வெளிப்படும்!

செத்துவிட்டது என்று நினைத்தது தூங்கிக்கொண்டிருக்கலாம்! தேவைப்படும்போது மட்டும் எழும்படி அமைத்தால், வேலையில்லாமல் 60 விநாடி கழிந்ததும் கப்ஸ் தானே ஓய்வெடுக்கப் போய்விடும்!

'எல்பிடி' என்ற பழைய அச்சு முறையில் இன்னொரு விசித்திரம்! 1990-இல் எழுதிய விதிப்படி, அச்சுக்கு அனுப்பும் கம்ப்யூட்டர் 721 முதல் 731 வரையுள்ள போர்ட்களையே பயன்படுத்த வேண்டும். மொத்தமே 11! மளமளவென்று வேலைகள் குவிந்தால் போர்ட்கள் தீர்ந்து, அச்சு நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் தானே சரியாகும்!

செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சிட மறுத்த கம்ப்யூட்டர்கள் உண்டு! உபுண்டுவில் 2008-09 வாக்கில் வந்த வழு இது. அச்சுக்குப் போகும் ஃபைலின் தலைப்பில் தேதி இருக்கும். அதில் ஆங்கிலச் செவ்வாயின் முதல் மூன்று எழுத்துகளைக் கண்டதும், ஃபைலின் வகையைச் சொல்லும் கருவி, 'இது எர்லாங் மொழி ஃபைல்' என்று தீர்ப்பு எழுதிவிட்டது, அச்சும் நின்றது! செவ்வாயோ வெறுவாயோ!

தீ விஷயத்துக்கு வருவோம்! பிரிண்டர் கோளாறு என்று சொல்கிறது. காகிதம் இருக்கிறது, இணைப்பும் சரி. அப்படியானால் என்னதான் கோளாறு? காரணம் புரியாத லினக்ஸ், 'எல்பி0 (அதாவது பிரிண்டர்) எரிகிறது' என்றே செய்தி போடும்!

இன்னொரு பிரிண்டர் செய்த புரட்சி தெரியுமா? 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்தின் ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கியது. சிக்கினால் உடனே தகவல் வரும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார் அங்கிருந்த புரோகிராமர் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் கிடைக்கவில்லை! அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-இல் 'குனூ' என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அவரை அறிவிக்க வைத்தது. இன்று கப்ஸ் எழாவிட்டால், அதன் மூல நிரலையே பிரித்துப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு!