கழற்றிய மேனிஃபோல்டை எடைக்குப் போடாதீர்கள்

“போல்ட்-ஆன் சார், வெல்டிங்கே கிடையாது. ஞாயித்துக்கிழமை காலைல கழட்டினா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மாட்டிடலாம்.” காருக்கு ஹெடர் விற்கும் கடைகளில் கேட்கிற வசனம் இது. இதில் பொய் இல்லை. நல்ல ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே அந்த வேலையை முடித்துவிடலாம். கடைக்காரர் சொல்லாமல் விடுவது வேறு ஒன்று. அந்தச் சில நட்டுகளோடு சேர்ந்து கழன்று வருவது இப்போதெல்லாம் வெறும் குழாய் அல்ல.

பழைய கார்களில் அது குழாய்தான். சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்த்துப் பின்னால் தள்ளும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். அதை எடுத்துவிட்டு, அளவெடுத்து வளைத்த எஃகுக் குழாய்களை மாட்டினால் புகை தடையில்லாமல் போகும். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகம் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். ஹெடரின் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். 4-2-1, 4-1 என்பதெல்லாம் அந்தக் குழாய்கள் எப்படிச் சேர்கின்றன என்பதன் கணக்கு.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும் முதல் நிமிடங்களில்தான் நச்சுப்புகை அதிகம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்ய வேண்டுமானால் அது நன்றாகச் சூடேற வேண்டும். சீக்கிரம் சூடேறட்டும் என்றுதான் பல கார்களில் அதை இன்ஜினோடு ஒட்டி, மேனிஃபோல்டுடன் ஒரே பாகமாகச் செய்துவிட்டார்கள். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் அது மாற்றி அனுப்புகிறது. இப்படிப்பட்ட காரில் ஹெடர் மாட்டுவது என்றால் கன்வெர்ட்டரைக் கழற்றுவது என்றே பொருள். பல பேருக்கு இது மாட்டி முடித்து, ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்த பிறகுதான் தெரிகிறது. விர்ட்டஸ், ஸ்லாவியா போன்ற கார்களின் 1.0 டி.எஸ்.ஐ. இன்ஜினில் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதற்கு ‘ஹெடர்’ என்று ஒருவர் எதையாவது நீட்டினால், அவர் நீட்டுவது டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆவது பிரிவு: தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. எரிபொருள் கிட் பொருத்துவது, மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைப்பது போன்றவற்றுக்கு உரிய அனுமதியோடு வழி உண்டு. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பிரிவு குறிவைப்பது வாகனத்தின் உரிமையாளரை. பட்டறைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். வழக்கு உங்கள் பெயரில். வீட்டிலேயே நீங்கள் மாட்டியிருந்தால் கைகாட்டக்கூட ஆள் இல்லை.

அபராதத்தில் இதைவிடக் கடுமையானது அதே சட்டத்தின் 190(2). ஒலி, காற்று மாசுத் தரத்தை மீறி பொது இடத்தில் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு. ஒன்பது இருக்கைக்கு உட்பட்ட கார் ஒன்று சோதனைத் தளத்தில் கடந்து போகும்போது எழுப்பலாம் என்று விதி அனுமதிக்கும் ஒலி 74 டெசிபல். அதற்கு மேல் பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. பைக் சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி போலீஸார் ரோடு ரோலர் ஏற்றும் படத்தைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பைக் பையன்களின் தலைவலி என்று கார்க்காரர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பிரிவில் சக்கர எண்ணிக்கை எதுவும் எழுதியில்லை.

“பி.யு.சி. வாங்கிட்டேனே” என்று சிலர் சொல்வதுண்டு. பி.யு.சி. என்ற மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான சோதனை, நிறுத்திவைத்த காரின் குழாய்முனைப் புகையை மட்டும் அளக்கிறது. சத்தத்தை அளப்பதில்லை, வாகனம் மாற்றப்பட்டதா என்றும் பார்ப்பதில்லை. பி.யு.சி. கையில் இருப்பது 52-ஆவது பிரிவுக்குப் பதில் ஆகாது.

அபராதம் ஒரு நாள் வலி. இன்சூரன்ஸில் விழும் அடி பெரிது. வாகனத்தில் செய்த மாற்றத்தை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. இன்ஜின் பகுதியில் தீப்பிடித்து கார் எரிந்தால், சர்வேயர் முதலில் பார்ப்பது கம்பெனிப் பாகம் அல்லாத எதுவெல்லாம் அங்கே இருக்கிறது என்பதைத்தான். அதேசமயம், மாற்றம் செய்திருந்தாலே எல்லா உரிமையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். உங்கள் கார் மோதி இன்னொருவர் காயப்பட்டால் அவருக்கான இழப்பீட்டிலிருந்து நிறுவனம் தப்பிக்கும் காரணங்களைச் சட்டமே எண்ணிச் சொல்லியிருக்கிறது. ஹெடர் மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. சிக்கல் உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான கிளெய்மில்தான். அதிலும் பின்பக்கத்தில் லாரி வந்து இடித்ததற்கும் முன்பக்க ஹெடருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது; கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வாரண்டிக்கும் இதே அணுகுமுறைதான். பவர் விண்டோ பழுதுக்கு ஹெடரைக் காரணம் காட்டி சர்வீஸ் சென்டர் கைவிரித்தால், ஜாப் கார்டில் அதை எழுதச் சொல்லுங்கள். ஆனால் பி0420 என்ற பிழைக் குறியீடு பதிவாகிவிட்டால், அது கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று காரே கொடுக்கும் வாக்குமூலம். அந்த வரிசையில் வரும் பழுதுகளுக்கு வாதாடுவது வீண்.

சரி, சாலையில் ஓடாத, டிராக்குக்கு மட்டுமான கார் என்று வைத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அதற்கு ஹெடர் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உயிர் போகும் இடங்களைத் தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.

முதலாவது ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் படுப்பவர் தன் மார்பின்மேல் ஒரு டன் இரும்பை நிறுத்திவைக்கிறார். சமதளமான சிமென்ட் தரை, ஜாக்கி ஸ்டாண்டுகள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கைபோட்டு ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும்.

இரண்டாவது சூடு. ஓடி நின்ற இன்ஜினின் மேனிஃபோல்ட் தோலைப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க ஆறவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். துருப்பிடித்த ஸ்டட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை முந்தின நாளே விடுங்கள். வேகத்தில் முறுக்கினால் ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள் உடைந்து நிற்கும். அதை எடுக்க ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டி வரலாம். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அங்கேயே முடிந்தது. புதுக் குழாய் பெட்ரோல் லைனிலிருந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 113 சொல்கிறது. நான் அதைவிடத் தாராளமாக விடச் சொல்வேன். சென்சார் வயர், பிரேக் லைன், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கேபிள் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். கம்பெனி வைத்த வெப்பத் தடுப்புத் தகட்டைப் பலர் ‘இடம் பத்தல’ என்று ஓரமாகப் போடுகிறார்கள். தீ விபத்துக்கு வழிவிடுவது அந்தத் தகடு இருந்த இடம்தான்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. கன்வெர்ட்டர் இல்லாத இன்ஜினை ஷட்டர் போட்ட கேரேஜிலோ அடுக்ககத்தின் நிலத்தடி பார்க்கிங்கிலோ ஸ்டார்ட் செய்து ‘சவுண்ட் செக்’ பார்ப்பது தற்கொலைக்குச் சமம். கேஸ்கெட் சரியாக உட்காராமல் ஹெடர் கசிந்தால், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக அந்தப் புகை ஏ.சி. காற்றோடு உள்ளே வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் வெயில் என்று நினைக்காமல் இன்ஜினை அணைத்து வெளியே வாருங்கள். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் 108-ஐ அழையுங்கள். கசிவுக்கு இன்னொரு குணமும் உண்டு: முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று நுழைந்தால், பெட்ரோல் குறைவு என்று கணினி தவறாகக் கணித்து அதிகமாக ஊற்றும். மைலேஜ் விழும், குதிரைத்திறன் கூடாது.

வாங்கும்போது பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ‘ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு’ என்று விளம்பரத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். அனுமதி எண்ணை எழுத்தில் கேளுங்கள், பேச்சு பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். ஏமாற்றப்பட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

சாலையில் போலீஸார் நிறுத்தினால் டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்கள் போதும். எந்தப் பிரிவு என்று எழுதிய இ-சலான் வேண்டும் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். குற்றச்சாட்டு தவறு என்றால் அபராதத்தைக் கட்டாமல் நீதிமன்றத்தில் எதிர்கொள்ள உரிமை உண்டு. ஆர்.சி.யை நிறுத்திவைக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: பழையதைத் திரும்ப மாட்டுவது. புதுக் கேஸ்கெட் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்து, புது பி.யு.சி. எடுத்துவிட்டால் கார் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பழைய பாகம் கையில் இருக்க வேண்டும். கன்வெர்ட்டரில் இருக்கும் உலோகம் விலையுள்ளது. “பழசு இங்கயே கெடக்கட்டும் சார்” என்று பட்டறையில் சொன்னால், அது உங்கள் வீட்டில் கிடப்பதே நல்லது. தொலைத்துவிட்டவர்கள் புதிதின் விலையைக் கேட்டுவிட்டுப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் பக்கம் தேடிப் போவார்கள். போனால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், கையில் எடுத்து ஆட்டியும் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. தேன்கூடே தெரியாமல் வெளிச்சம் நேராக மறுபக்கம் போனால் உள்ளே இருந்ததை முன்பே யாரோ தோண்டி எடுத்துவிட்டார்கள்.