இனிப்பும் எண்ணெயும் சிறுநீரகத்தைக் கெடுப்பது எப்படி?

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாயிகள் வடிகட்டியின் அருமையை அறிவார்கள். அழுத்தம் அளவுக்கு மீறினால் சல்லடை கிழிந்து, தூசி குழாய்க்குள் இறங்கிவிடும். நம் உடலில் வடிகட்டியாக வேலை செய்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்பச் சேர்த்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன.

அம்பத்தூர்ப் பகுதியில் உள்ள கள்ளிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தபின் இவ்வட்டாரம் படிப்படியாக நகரமாகி, 2011ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. வயல் வேலை போய் ஆலை வேலை வந்தால் உடலுழைப்பு குறைகிறது, சாப்பாடு குறைவதில்லை. நகரத்தை மட்டும் குறை கூறுவானேன்? கிராமத்திலும் உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம். காலையில் வரப்போரம் டீயும் போண்டாவும்!

செலவாகாத சர்க்கரையும் கொழுப்பும் உடற்பருமனையும் நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் கொண்டு வருகின்றன. இவற்றால் நுண்வடிகட்டிகளில் அழுத்தம் ஏறுகிறது. முதலில் அவை வழக்கத்தைவிட வேகமாக வடிக்கும். பிறகு சல்லடை நைந்து, உடலில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசியும். நாளடைவில் வடிகட்டிகள் தழும்பாகி இறுகிவிடும். தழும்பானவை மீண்டும் துளிர்ப்பதில்லை. நோய் முற்றினால் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம், டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும். நாற்று நடும் பருவத்தில் இது ஒரு குடும்பத்தை என்ன பாடுபடுத்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் வெளிவந்தது. அதன்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு நீரிழிவு உள்ளது.

ஒரு டம்ளர் டீக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். 5 டம்ளருக்கு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015ல் கூறிய அறிவுரை. வெல்லமும் கருப்பட்டியும் தீங்கு செய்யா என்று நம்புவோர் பலர். நீரிழிவைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரையே. 1 கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். 1 கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். ஆகவே பஜ்ஜி, வடையை என்றோ ஒரு நாள் என வைத்துக்கொள்ளவும். ஊறுகாய், அப்பளத்தின் உப்பையும் குறைக்கவும்.

ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. எனவே நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதித்துக்கொள்ள வேண்டும். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது இரத்தக் கொதிப்பு, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளவும்.

களை எடுத்த மறுநாள் உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வெயிலில் வேலை செய்வோர் தண்ணீரை அடிக்கடி குடிக்கவும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் எவ்வளவு நீர் குடிப்பது, இளநீர் குடிக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு நடக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி.