ஒற்றை இழையில் ஒரு சிலுவை

புனித வாரத்தின் தலைவாயிலாக வரும் குருத்தோலை ஞாயிறன்று, கையில் ஓலை ஏந்தி ஓசன்னா பாடிப் பவனி செல்லாத கிறிஸ்தவக் குடும்பம் நம்மிடையே அரிது. ஆனால் பவனியும் திருப்பலியும் முடிந்த பின்னர் அவ்வோலைகள் என்னவாகின்றன என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? வீட்டிற்கு எடுத்துச் சென்று திருவுருவப் படத்தின் பின்னே பக்தியுடன் செருகி வைப்போர் பலர். சுவரோரம் சாத்திவிட்டு மறந்து போவோரும் உளர். அந்த ஓலையை மடித்துச் சிலுவையாக்கத் தெரிந்த கைகளோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன.

கல்பாக்கத்தை அடுத்து, வங்கக் கடலின் உப்புக் காற்று வீசும் புதுப்பட்டினத்தில் இத்தகைய கைகள் இரண்டைக் காணும் பேறு நமக்குக் கிட்டியது. பேரப்பிள்ளைகள் 'ஆயா' என்று அழைக்கும் மூதாட்டி ஒருவர், திண்ணையில் அமர்ந்து தென்னங்குருத்தின் ஈர்க்கை உரித்தெடுத்து, எஞ்சிய மெல்லிய இழையை மடித்துக்கொண்டிருந்தார். மேலேறிய இழை மடங்கிக் கீழிறங்கியது. இருபுறமும் கைகளாக நீண்டு திரும்பியது. நடுவில் குறுக்காகச் சுற்றிக்கொண்டு, பின்புறத்து மடிப்பினுள் நுழைந்து மறைந்தது. பசையில்லை, நூலில்லை, ஊசியில்லை. சிலுவை உருவாகிவிட்டது! அதைக் கற்க விரும்பிய பேத்தி எதிரே வந்து அமர்ந்தாள். உடனே ஆயா, "எதிர்ல குந்தாத கண்ணு, எம்பக்கத்துல வா. எதிர்ல இருந்தா ஒனக்கு எடம் வலம் மாறிப்பூடும்" என்றார். அச்சொல் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

ஓலையிலிருந்து காகிதத்திற்கு

நீண்ட இழையை மடித்து உருவம் செய்யும் கலை நம் மக்களுக்குப் புதிதன்று. தென்னை ஓலையில் ஊதலும் பாம்பும் கைக்கடிகாரமும், பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் பந்தும் செய்து விளையாடியவர்கள் நம் முன்னோர். அவர்கள் எழுதியதும் ஓலை நறுக்கிலேதான். அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டபோது, நம் மொழி ஓலையிலிருந்து காகிதத்திற்குச் செல்லும் பாதையும் திறந்தது. எழுத்தைப் போலவே மடிப்புக் கலையும் காகிதத்திற்கு எளிதாக மாறக்கூடியதே.

மேலை நாட்டில் இக்கலையைக் கல்வியாக்கியவர் செருமானிய அறிஞர் பிரடெரிக் புரோபெல் (1782-1852). 'கிண்டர்கார்டன்' என்னும் குழந்தைப் பள்ளி முறையை வகுத்த அவர், காகிதம் மடித்தலையும் காகித இழைகளைப் பின்னுதலையும் குழந்தைகளின் பயிற்சிகளுள் சேர்த்தார். நான்கு காகித இழைகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்யப்படும் விண்மீன் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்கப்பட்டு, செருமானிய இல்லங்களில் கிறிஸ்துபிறப்பு விழாவை அழகு செய்கிறது. அதற்கும் பசை தேவையில்லை.

அந்த விதை நம் நாட்டிலும் முளைத்தது. புரோபெலின் முறையில் அமைந்த காகித மடிப்புப் பயிற்சியே தமக்குத் தூண்டுதலாயிற்று என்று கூறி, டி. சுந்தர ராவ் என்பார் காகித மடிப்பால் வடிவ கணிதம் கற்பிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதி, 1893-இல் சென்னையில் வெளியிட்டார். பின்னர் அது அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது. சிறுவர் விளையாட்டென நாம் ஒதுக்கும் ஒன்றில் எத்துணை அறிவு பொதிந்துள்ளது என்பதற்கு இந்நூல் ஒரு சான்று.

நீங்களும் செய்து பாருங்கள்

ஏறத்தாழ 1 செ.மீ. அகலமும் 28 செ.மீ. நீளமும் உள்ள காகித இழை ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையருகே, கயிற்றில் போடுவது போன்ற எளிய முடிச்சு ஒன்றைப் போடுங்கள். கசங்காமல் மெல்ல இழுத்துத் தட்டையாக அழுத்துங்கள். என்ன வியப்பு! ஐந்து பக்கங்களும் சமமான ஐங்கோணம் ஒன்று உங்கள் கையில் இருக்கும். அளவுகோலும் கவராயமும் இன்றி இது எவ்வாறு அமைந்தது? இழையின் அகலம் முழுவதும் ஒரே சீராக இருப்பதே காரணம். ஒவ்வொரு மூலையும் தானாகவே 108 பாகையாக அமைந்துவிடுகிறது.

இனி, குட்டை முனையை உள்ளே செருகிவிட்டு, நீண்ட முனையை ஐங்கோணத்தின் விளிம்புகளை ஒட்டிச் சுற்றி வாருங்கள். எத்திசையில் திரும்ப வேண்டும் என்பதை விளிம்பே காட்டும். இறுதி நுனியை ஒரு மடிப்பினுள் செருகி, ஐந்து பக்கங்களின் நடுவிலும் நகத்தால் மெல்ல அழுத்தினால், புடைத்த விண்மீன் ஒன்று பிறக்கும். கிறிஸ்துபிறப்புக் குடிலில் தொங்கவிட இதனினும் எளிய அணி வேறேது?

காகிதத்தில் முதலில் பழகுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. குருத்து என்பது மரத்தின் உச்சியில் புதிதாக எழும் இளம் ஓலை. அதை அளவின்றி வெட்டினால் மரம் நலியும். பனையோ நம் தமிழ்நாட்டின் மாநில மரம். எனவே பிழைகளையெல்லாம் காகிதத்தில் செய்து கற்றபின், ஆளுக்கோர் ஓலையை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. ஓலை காய்ந்தால் மடிக்கும்போது வெடிக்கும்; ஆதலின் ஈரத் துணியில் சுற்றி வைத்து, பசுமை மாறுமுன் மடித்துவிட வேண்டும்.

பக்கத்தில் அமர்வோம்

அன்பு வாசகர்களே, அந்த மூதாட்டியின் சொல்லை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். 'எதிரே அமராதே, பக்கத்தில் வா.' இன்று நம் இல்லங்களில் தந்தை ஒரு மூலையிலும், தாய் ஒரு மூலையிலும், பிள்ளைகள் கைப்பேசியின் ஒளியிலுமாகப் பிரிந்து கிடக்கிறோம். பிள்ளைகளுக்கு எதிரே நின்று கட்டளையிடவும் கண்டிக்கவும் நமக்கு நேரமிருக்கிறது. பக்கத்தில் அமர நேரமில்லை. ஜெபமும் விசுவாசமும்கூட இந்த ஓலை மடிப்பைப் போன்றவையே. எதிரே நின்று போதித்தால் இடம் வலமாகும். அருகமர்ந்து நாமும் செய்து காட்டினால் பிள்ளைகளின் கையில் படியும்.

அச்சிலுவையைத் தாங்கி நிற்பது எது என்பதையும் நோக்குங்கள். ஒரு மடிப்பை அடுத்த மடிப்பு பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் பிணைக்கும் கடைசி நுனியோ எவர் கண்ணிலும் படாமல் பின்னே மறைந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் அவ்வாறு மறைந்திருந்து பிணைப்பவர் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அவர், நாம் பேச்சுக் கொடுக்கவும் மறந்துவிட்ட நம் வீட்டு முதியவரே.

ஆகவே, வரும் குருத்தோலை ஞாயிறன்று மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டு முதியவரை நடுவில் அமர்த்தி, எல்லாரும் அவர் பக்கத்தில் அமர்ந்து, காலையில் பெற்று வந்த ஓலைகளை மடிப்போம். சில கோணலாகத்தான் வரும், வரட்டுமே! அச்சிலுவைகள் ஓராண்டு நம் வீட்டுச் சுவரில் இருக்கும். அடுத்த தவக்காலம் நெருங்கும்போது, திருநீற்றுப் புதனுக்கான சாம்பலுக்காக அவற்றை ஆலயத்திற்குத் திருப்பிக் கொடுப்போம். ஓலை சாம்பலாகி நம் நெற்றிக்கு வரும். ஆயாவிடம் கற்ற மடிப்போ பேத்தியின் விரல்களில் தங்கும்.