பட்டம் தடுக்கவில்லை

புற்றுநோய்க்கு மருந்து தேடிய பெண்களுள் ஜேர்ட்ரூட் எலியன் மறக்க முடியாதவர். 1918ஆம் ஆண்டு நியூயோர்க்கில், குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பதினைந்து வயதில், அன்பான பாட்டனார் இரைப்பைப் புற்றுநோயால் துடித்து இறந்ததைப் பார்த்தார். இந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அன்றே மனதில் விழுந்தது.

1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தை சேமிப்பை இழந்திருந்தார். கட்டணம் அறவிடாத ஹண்டர் மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்ததால்தான் படிக்க முடிந்தது. 1937இல் இரசாயனவியலில் சிறப்பாகச் சித்தியடைந்தும் வேலை கிடைக்கவில்லை. இளம்பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று ஓரிடத்தில் காரணம் சொன்னார்கள். சம்பளமே இல்லாமல் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பழகினார். பகலில் பாடசாலையில் படிப்பித்து, இரவில் ஆய்வு செய்து, 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, மணக்கவிருந்தவர் இதயத்தைத் தாக்கிய கிருமித் தொற்றால் இறந்தார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பென்சிலின் சில ஆண்டுகள் பிந்தியே புழக்கத்துக்கு வந்தது. எலியன் பின்னர் திருமணம் செய்யவேயில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபோது ஆய்வுகூடங்கள் பெண்களைத் தேடின. முதலில் கிடைத்தது ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை. 1944இல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பனியில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் உதவியாளரானார். வேலை முடிந்து கலாநிதிப் பட்டத்துக்கும் படித்தார். வேலையை விட்டு முழுநேரமாக வந்தால்தான் தொடரலாம் என்றனர். அவர் வேலையை விடவில்லை; படிப்பையே விட்டார்.

உடலின் கலங்கள் பெருகுவதற்கு டிஎன்ஏ என்ற மரபுப் பொருளைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கான கல்லைப் போன்ற போலிக் கல்லொன்றைக் கொடுத்தால், வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலத்தின் கட்டட வேலை நின்றுபோகும். இவ்வாறு எலியன் உருவாக்கிய 6-மேர்கப்டோபியூரின், 1953இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுட் பலர் சில மாதங்களே உயிர் வாழ்ந்தனர். இம்மருந்தை மட்டும் கொடுத்தபோது நோய் தணிந்து மீண்டும் வந்தது. வேறு மருந்துகளுடன் சேர்த்து, நீண்ட காலம் கொடுத்தபோதே பிள்ளைகள் குணமடையத் தொடங்கினர். இன்றும் அச்சிகிச்சையில் இது இடம்பெறுகிறது. பிள்ளை தேறிவிட்டது என்று தாய்மார் குளிசையை இடையில் நிறுத்தக்கூடாது என வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாற்றான்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் அசதியோபிரினும் இவ்வாய்விலிருந்து பிறந்ததே. 1988இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. படித்துப் பெற முடியாத கலாநிதிப் பட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் கௌரவமாக வழங்கின. ஆயினும், அவர் பெரிதாகப் போற்றி வைத்திருந்தவை, பிழைத்துக்கொண்ட நோயாளிகள் எழுதிய கடிதங்களே. 1999இல் அவர் காலமானார்.