நெஞ்சுவலி: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா?

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி, தளி)

பிறந்த நாள் தொட்டு ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு இருதயம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடித்து, உடலெங்கும் குருதியை அனுப்புகிறது. அந்தத் தசைக்கும் உணவும் உயிர்க்காற்றும் வேண்டுமல்லவா? அவற்றைக் கொண்டுவரும் இரத்தக் குழாயில் தடை ஏற்பட்டால் தசை தவிக்கிறது. அந்தத் தவிப்பே நெஞ்சுவலி. தடை நீங்காவிடில் தசை மடியத் தொடங்குகிறது. அதுவே மாரடைப்பு.

மாரடைப்பு என்றதும் நம் கண்முன் தோன்றுவது திரைப்படக் காட்சிதான். பெரிய மனிதர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார். அந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பார்ப்பது அரிது. நம் மனத்தில் பதிந்துவிட்ட இந்தப் படம் பெண்களுக்கு எவ்வாறு தீங்காகிறது என்பதை இங்கே காண்போம்.

வலி இடம் மாறுவது ஏன்?

இருதயத்திலிருந்து வரும் உணர்ச்சி நரம்புகள் தண்டுவடத்தின் மேற்பகுதியில் நுழைகின்றன. தோள், இடக்கையின் உட்புறம், முதுகு ஆகியவற்றின் நரம்புகளும் ஏறத்தாழ அங்கேதான் சேர்கின்றன. பல தெருக்களின் கடிதங்கள் ஒரே தபால் பெட்டியில் விழுவது போன்றது இது. எந்தத் தெருக் கடிதம் என்று மூளை தடுமாறுகிறது. எனவேதான் நோய் இருதயத்தில் இருக்க, வலி கையிலோ, தாடையிலோ, மேல்வயிற்றிலோ தெரிகிறது. இது இரு பாலாருக்கும் பொது.

ஆண்களைக் கண்டு எழுதிய இலக்கணம்

1768-ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் இந்த நெஞ்சு வேதனையை விளக்கி, அதற்குப் பெயரும் சூட்டினார். தாம் கண்ட ஏறத்தாழ 100 நோயாளிகளில் பெண்கள் மூவர் மட்டுமே என்று பின்னர் எழுதிவைத்தார். ஆக, நோயின் இலக்கணமே ஆண்களைக் கண்டு எழுதப்பட்டது. அதற்கு அடங்காத பெண்ணின் வலி ‘விதிவிலக்கு’ ஆகிவிட்டது.

எண்கள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் 1994 முதல் 2006 வரை மாரடைப்புடன் சேர்க்கப்பட்ட 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தனர். நெஞ்சுவலியே இல்லாமல் வந்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 42 பேர். ஆண்களில் 31 பேர். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி தோன்றாமலே மாரடைப்பு வருவதுண்டு.

ஆனால் 55 வயதுக்கு உட்பட்டோரை மட்டும் ஆராய்ந்து 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறு கோணத்தைக் காட்டியது. அதில் பெண்களில் நூற்றுக்கு 87 பேருக்கும், ஆண்களில் ஏறத்தாழ 90 பேருக்கும் நெஞ்சுவலி இருந்தது. வேறுபாடு சொற்பமே! ஆனால் பெண்களுக்கு மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, படபடப்பு போன்ற உடன் அறிகுறிகள் மிகுதி. முன்னதாகவே மருத்துவ உதவி தேடிய பெண்களில் நூற்றுக்கு 53 பேர், “இது இருதயக் கோளாறு என்று மருத்துவர் எண்ணவில்லை” என்றனர். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 பேர். வலியில் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் அதைக் காதில் வாங்குவதில் உள்ள வேறுபாடு பெரிது என்பது இதனால் விளங்கும்.

உடலமைப்பிலும் சில வேறுபாடுகள் உண்டு. ஆண்களுக்குப் பெரிய குழாய்களில் அடைப்பு மிகுதி. பெண்களுக்கு நுண்ணிய குழாய்கள் சுருங்குவதாலும் வலி வரலாம். ஆஞ்சியோகிராம் படத்தில் அது தெரியாமலும் போகலாம். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்ணுக்கு ஓரளவு இயற்கைக் காப்பு உண்டு. நீரிழிவு வந்தாலோ அந்தக் காப்பு தளர்ந்துவிடுகிறது.

நம் மாநிலத்தில்

தமிழகத்தில் 2012 முதல் 2014 வரை சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து மாரடைப்புச் சிகிச்சைத் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. ஓராண்டுக்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். மகிழ்ச்சிதான். எனினும் அதில் இடம்பெற்ற 2,420 பேரில் பெண்கள் நூற்றுக்கு 16 பேரே. இளவயதில் ஆண்களுக்கே இந்நோய் மிகுதி என்பது ஒரு காரணம். ஆனால் வீட்டிலேயே கஷாயம் குடித்துப் படுத்துவிட்ட பெண்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். இரண்டு நாள் தாடை வலியும் வியர்வையும் எதுக்களிப்பும் இருந்தன. மருந்துக் கடையில் வாயு மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். மூன்றாம் நாள் இ.சி.ஜி. எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இன்று தண்ணீர்க் குடம் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

நாம் செய்ய வேண்டியது

எங்கள் தளிப் பகுதியில் ஒரே வலிக்கு மூன்று பெயர்கள். தமிழில் நெஞ்சுவலி, கன்னடத்தில் எதெ நோவு, தெலுங்கில் குண்டெ நொப்பி. ஆனால் பெண்கள் பெரும்பாலும் இம்மூன்றையும் சொல்வதில்லை. “வாயு பிடிச்சிருக்கு”, “ஒரே அசதி” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஓசூருக்கோ, கிருஷ்ணகிரிக்கோ, பெங்களூருக்கோ அவர்களுக்குத் துணையாகச் செல்பவர் யார்? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நம்மைப் போன்ற பிள்ளைகள்தாமே! அவர்களுக்காகப் பேச வேண்டியவர்களும் நாமே.

எனவே நண்பர்களே, திடீரென வந்த வியர்வை, மூச்சுத் திணறல், தாடை, தோள் அல்லது மேல்வயிற்று வலி, காரணமில்லாத அசதி ஆகியவை சில நிமிடங்களில் அடங்காவிடில் 108-ஐ அழையுங்கள். “இருதயமாக இருக்குமோ? இ.சி.ஜி. எடுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். எப்போது தொடங்கியது, நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உண்டா, பேறுகாலத்தில் கொதிப்பு இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. மறுமுறை எடுப்பதும் டிரோப்போனின் இரத்தச் சோதனையும் தேவைப்படலாம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். காலதாமதம் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது.

அடுப்படியில் நின்றபடியே நெஞ்சைத் தடவிக்கொண்டு “ஒன்றுமில்லை” என்று சொல்லும் தாய்மார் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஊர் செல்லும்போது இச்செய்திகளை அவர்களிடம் எடுத்துச் சொல்வோமாக!